முதல் ஆட்டோமேட்டிக் வாட்ச்: கட்டியவர்கள் சொல்வதை வைத்துத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பத்தாயிரத்துக்கும் முப்பதாயிரத்துக்கும் நடுவே ஒரு தொகையை எடுத்து வைத்துவிட்டு, எந்த ஆட்டோமேட்டிக் வாட்ச் வாங்குவது என்று குழம்பிக்கொண்டிருக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், பெரம்பூர் ஆட்கள்தான் என் மனதில் இருக்கிறார்கள். குளிர் நாட்டில் யாரோ ஒருவர் "தோல் ஸ்ட்ராப் அருமை" என்று சொன்னதை நம்பி நம்ம பக்கத்தில் வாங்கிக் கட்டினால், கத்திரி வெயில் முடிவதற்குள் அது நாற ஆரம்பித்துவிடும். கட்டியவர்கள் சொல்வதை நிறையவே படியுங்கள், கேளுங்கள். ஆனால் சொல்கிறவர் எத்தனை நாள் கட்டினார், என்ன வேலை செய்கிற கை அது என்று பார்க்காமல் படித்தால் குழப்பம்தான் மிச்சம்.

முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஆட்டோமேட்டிக்கில் பேட்டரி கிடையாது. உள்ளே ரோட்டார் என்று அரைவட்டமாக ஒரு கனமான தகடு இருக்கும். கை அசைய அசைய அது சுற்றி ஸ்பிரிங்கை முறுக்கும், அந்த முறுக்கு கொஞ்சம் கொஞ்சமாக அவிழும்போது வாட்ச் ஓடும், அவ்வளவுதான். இந்த விலையில் வரும் ஜப்பான் மெஷின்கள் பெரும்பாலும் மணிக்கு 21,600 துடிப்பு, அதாவது நொடிக்கு 6. அதனால்தான் நொடி முள் டக் டக்கென்று நிற்காமல் வழுக்கிக்கொண்டே போகிற மாதிரி தெரிகிறது. முழுசாக முறுக்கேறிய வாட்சைக் கழற்றி வைத்தால் சுமார் 40 மணி நேரம் தாங்கும். வெள்ளிக்கிழமை ராத்திரி ஏழு மணிக்குக் கழற்றி பீரோவில் வைத்தால் ஞாயிறு காலை பதினொரு மணி வாக்கில் நின்றிருக்கும்.

புதிதாக வருகிறவர்கள் ஏமாறுகிற விஷயம் நேரம்தான். பேட்டரியில் ஓடும் ஆயிரம் ரூபாய் குவார்ட்ஸ் வாட்ச் மாதத்துக்கு 15, 20 நொடி தப்பும். இருபதாயிரம் ரூபாய் ஆட்டோமேட்டிக் ஒரே நாளில் அவ்வளவு தப்பலாம், அது குறையே கிடையாது. சீக்கோவின் 4ஆர்36 மெஷினுக்கு கம்பெனியே சொல்லும் அளவு நாளுக்கு 45 நொடி வேகமாகவோ 35 நொடி மெதுவாகவோ ஓடலாம் என்பது. சிட்டிசன் வாட்சுகளில் வரும் மியோட்டா 8200 வரிசைக்கு 40 நொடி வேகம், 20 நொடி மெதுவு. ஓரியண்டின் எஃப்6 வரிசைக்கு 25 வேகம், 15 மெதுவு. இந்த மூன்று அளவையும் போனில் எங்காவது குறித்து வைத்துக்கொள்ளுங்கள். "வாங்கி ஒரு வாரத்தில் இரண்டு நிமிஷம் ஓவர், மட்டமான வாட்ச், வாங்காதீர்கள்" என்று ஒருவர் திட்டினால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: வாரத்துக்கு 120 நொடி, நாளுக்கு 17. அந்த ஆள் திட்டிக்கொண்டிருப்பது ஒழுங்காக ஓடுகிற வாட்சை. இந்தப் பதினேழு நொடி உங்களுக்கு உறுத்தும் என்றால் குவார்ட்ஸ் வாங்கிவிட்டு மீதிப் பணத்தில் வேறு ஏதாவது செய்யுங்கள், அதில் ஒரு அவமானமும் இல்லை.

உங்கள் கையை அளந்து பாருங்கள்

கம்பெனிகள் 40 மி.மீ., 42 மி.மீ. என்று போடுவது டயல் கூட்டின் அகலம். வாட்ச் கையில் பொருந்துமா என்பதை முடிவு செய்வது அதுவல்ல, மேல் கொம்பு நுனியிலிருந்து கீழ்க் கொம்பு நுனி வரை உள்ள நீளம். ஸ்ட்ராப் மாட்டுகிற அந்த நான்கு கொம்புகளைத்தான் சொல்கிறேன். சீக்கோ 5 ஸ்போர்ட்ஸில் பெரிய மாடல் 42.5 மி.மீ. அகலம் என்று படித்ததும் ஒல்லிக் கைக்காரர்கள் பயந்துவிடுவார்கள், ஆனால் அதன் கொம்பு நீளம் சுமார் 46 மி.மீ.தான், நிறைய பேருக்கு அடக்கமாக உட்கார்ந்துவிடும். தினத்தந்தி ஓரத்தில் அந்த நீளத்துக்கு ஒரு துண்டு கத்தரித்து மணிக்கட்டின் மேல் வைத்துப் பாருங்கள். இரண்டு நுனியும் மேல் தட்டைப் பகுதிக்குள்ளேயே நின்றால் சரி. வெளியே தொங்கினால், யார் எவ்வளவு புகழ்ந்தாலும் அந்த மாடல் உங்களுக்கு வேண்டாம்.

கூடவே உங்கள் நாளையும் அளந்துகொள்ளுங்கள். ஹார்பரிலோ லாரி செட்டிலோ வேலை என்றால் கை நிறைய அசையும், வாட்ச் நிற்கவே நிற்காது, ஆனால் அடி வாங்கும், வியர்வை குடிக்கும். ஏசி ஆபீசில் கீபோர்டு தட்டுகிறவருக்கு அடியும் வியர்வையும் இல்லை, ஆனால் கை அசைவு போதாமல் முறுக்கு குறைவாகவே ஏறும், அவருக்குக் கையால் சாவி கொடுக்கும் (பக்கவாட்டில் உள்ள சாவிக் குமிழைத் திருகி முறுக்கேற்றும்) வசதி உள்ள மெஷின் அவசியம். காசிமேட்டுப் பக்கம் தினமும் ஐஸ் தண்ணியிலும் உப்புத் தண்ணியிலும் கை வைக்கிறவருக்கு, தண்ணி தாங்கும் அளவு 100 மீட்டருக்குக் குறைந்த எதுவும் சரிப்படாது. டயலில் போட்டிருக்கும் மீட்டர் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 30 மீட்டர் என்றால் கை கழுவும்போது தெறிக்கிற தண்ணி வரைக்கும்தான், 50 மீட்டர் என்றால் மழை, 100-லிருந்துதான் நீச்சல்.

மாடலுக்கு முன்னால் மெஷின் பெயர்

கருத்துகளைப் படிக்க ஆரம்பிக்கும்போது மாடல் பெயரை மட்டும் தேடாதீர்கள், உள்ளே இருக்கும் மெஷினின் பெயரையும் தேடுங்கள். ஒரே மெஷின் இருபது மாடலில் இருக்கும். அப்படித் தேடினால், எந்தக் குறை மெஷினோடு பிறந்தது, எது அந்த ஒரு வாட்சுக்கு மட்டும் வந்தது என்பது தானாகவே பிரிந்துவிடும்.

உதாரணத்துக்கு, "உள்ளே ஏதோ கழன்று கடகடவென்று சுற்றுகிறது" என்ற புலம்பல். மியோட்டா 8200 வரிசை உள்ள எந்த வாட்சைத் தேடினாலும் இது வரும். அந்த மெஷினில் ரோட்டார் ஒரு பக்கம் சுற்றும்போது மட்டும்தான் ஸ்பிரிங்கை முறுக்கும், மறுபக்கம் தடையே இல்லாமல் ஓடும். கையை வேகமாகத் திருப்பினால் அந்த ஓட்டம் காதுக்குக் கேட்கும், சில சமயம் மணிக்கட்டிலேயே உதறல் தெரியும். ஒன்றும் கழன்றுவிடவில்லை. அதே மெஷினில் நொடி முள் எப்போதாவது ஒரு கணம் தயங்கிவிட்டு ஓடும், அதுவும் அதன் சுபாவம்தான். சீக்கோவின் மெஷின் இரண்டு பக்கமும் முறுக்குவதால் அங்கே இந்தப் புலம்பல் குறைவு. ஆனால் பழைய சீக்கோ 5 வாட்சுகளில் வந்த 7எஸ்26-க்குக் கையால் சாவி கொடுக்கவும் முடியாது, சாவியை இழுத்தால் நொடி முள் நிற்கவும் செய்யாது. அதற்குப் பதில் வந்த 4ஆர்36-ல் இரண்டும் உண்டு. அந்தக் குடும்பத்து மெஷின்களையே மற்ற கம்பெனிகளுக்கு விற்கும்போது என்எச்35, என்எச்36 என்று பெயர். இன்விக்டா ப்ரோ டைவர், பகானி டிசைன் முதல் 2025-ல் வந்த காசியோவின் எடிஃபிஸ் ஆட்டோமேட்டிக் வரை உள்ளே இருப்பது அந்தக் குடும்பம்தான். அதனால் பெயர் தெரியாத கம்பெனி வாட்சாக இருந்தாலும் "என்எச்35" என்றால் மெஷின் பற்றிக் கவலைப்பட வேண்டாம், கூடு, கண்ணாடி, வாரண்டி பற்றிக் கவலைப்படுங்கள்.

யார் சொல்வதை எவ்வளவு எடுத்துக்கொள்வது

டெலிவரி லேட், டப்பா நசுங்கியிருந்தது என்று ஒரு ஸ்டார் போட்டவர்களை முதலிலேயே தள்ளுங்கள், அது வாட்ச் பற்றிய கருத்தே அல்ல. வாங்கிய அன்றைக்கே ஐந்து ஸ்டார் போட்டவர்களையும் தள்ளுங்கள். காசு கொடுத்த சூட்டில் எல்லாமே நன்றாகத்தான் தெரியும்.

அடுத்து, பத்து வாட்ச் வைத்திருப்பவர். "மூன்று வருஷமாக வைத்திருக்கிறேன், ஒரு குறையும் இல்லை" என்பார். பொய் சொல்லவில்லை, ஆனால் அந்த மூன்று வருஷத்தில் அந்த வாட்ச் அவர் கையில் இருந்தது மாதத்துக்கு ரெண்டு மூணு நாள்தான். ஒரே வாட்சை வைத்துக்கொண்டு தினமும் பைக் ஓட்டி, பாத்திரம் கழுவி, பஸ்ஸில் தொங்கிய ஒருவர் எட்டு மாதம் கழித்து எழுதும் நாலு வரி இதைவிடப் பெரிய விஷயம். ஓலா ஓட்டுகிறவர், சர்வீஸ் இன்ஜினியர், நர்ஸ் என்று வேலையைச் சொல்லி எழுதியிருந்தால் அதை நிறுத்தி நிதானமாகப் படியுங்கள்.

வாட்ச் ரிப்பேர் கடைக்காரர் சொல்வது இன்னொரு வகை. அவரிடம் வருவதெல்லாம் கெட்டுப்போன வாட்ச்தான். ஊரில் அதிகம் விற்கிற பிராண்டுதான் அவர் மேஜையிலும் அதிகம் கிடக்கும், உடனே "இது அடிக்கடி ரிப்பேர் ஆகும்" என்பார். அவரிடம் எது கெடும் என்று கேட்காதீர்கள், எதற்கு ஸ்பேர் கிடைக்கும், எதைத் திறக்க அவருக்குக் கை கூசாது என்று கேளுங்கள். அதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

எனக்கு ரொம்பப் பிடித்தது செகண்ட் ஹேண்ட் விளம்பரங்கள். "ஒரு மாதம்தான் கட்டினேன், புதுசு மாதிரி, விற்கிறேன்" என்று போடுகிறவரிடம் ஏன் விற்கிறீர்கள் என்று ஒரு மெசேஜ் போடுங்கள். "கொஞ்சம் தடிமன், சட்டைக் கை பட்டன் மூடவில்லை", "நைட்ல முள் தெரியல", "கனமா இருக்கு, தூங்கும்போது உறுத்துது" என்று பதில் வரும். புகழ்ந்து எழுதிய நூறு பேரும் சொல்லாமல் விட்டதை விற்கிறவர் ஒரே வரியில் சொல்லிவிடுவார். ஒரே காரணம் மூன்று நான்கு பேரிடமிருந்து வந்தால் அந்த மாடலைப் பற்றி உங்களுக்கு வேண்டிய தகவல் கிடைத்துவிட்டது.

தெரிந்தவர் கையில் பார்த்தால் இப்படிக் கேளுங்கள்: அண்ணா, தினமும் இதைத்தான் கட்டுறீங்களா? ரெண்டு நாள் கழற்றி வைத்தால் என்ன ஆகுது? செயின் முடியைப் பிடித்து இழுக்குதா? மழையில் நனைந்திருக்கா, கண்ணாடிக்குள் பனி பிடித்ததா? இதுவரை யாராவது திறந்திருக்காங்களா? "எப்படிண்ணா இருக்கு" என்று பொதுவாகக் கேட்டால் "சூப்பர்" என்றுதான் பதில் வரும்.

இந்த விலையில் உள்ளவை, கட்டியவர்கள் வாயிலாக

சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ். சீக்கோ 5 என்ற பெயர் 1963-லிருந்து இருக்கிறது, இப்போதைய வரிசை 2019-ல் வந்தது. 100 மீட்டர், இருட்டில் நன்றாக ஒளிரும் முள், எங்கே போனாலும் ஸ்பேர் கிடைக்கும் மெஷின். குறை சொல்கிறவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இரண்டு. ஒன்று, டயலைச் சுற்றியுள்ள வளையத்தின் கோடுகள் மணிக் குறிகளோடு நேராக நிற்காமல் அரைக் கோடு தள்ளி இருப்பது. மற்றொன்று, இந்த விலைக்கு, எளிதில் கீறல் விழாத சஃபையர் கண்ணாடி கொடுக்காமல் சீக்கோவின் சொந்தக் கண்ணாடியான ஹார்ட்லெக்ஸ் கொடுத்தது. முதலாவதைக் கடையில் நின்று கண்ணால் பார்த்தே தவிர்த்துவிடலாம், அதனால் இந்த ஒரு வாட்சை மட்டும் ஆன்லைனில் வாங்காமல் நேரில் போய் எடுங்கள்.

ஓரியண்ட் காமாசு. 200 மீட்டர், திருகி மூடும் சாவி, சஃபையர் கண்ணாடி. காகிதத்தில் பார்த்தால் இதற்குத்தான் மார்க் அதிகம், கட்டியவர்களும் பெரும்பாலும் அதையேதான் சொல்கிறார்கள். செயின் சுமார் என்பதுதான் பொதுவான குறை. துறைமுகம், மீன்பிடித் துறைமுகம், மணலி பக்கத்துக் கம்பெனிகள் என்று உடம்பு வேலை பார்க்கிறவர் ஒரே ஒரு வாட்ச்தான் வாங்குவார் என்றால் நான் இதைத்தான் கை காட்டுவேன். செயினைக் கழற்றி வைத்துவிட்டு ரப்பர் ஸ்ட்ராப் போட்டால் போதும்.

ஓரியண்ட் பாம்பினோ. உப்பலான கண்ணாடி, மெல்லிய முள், வேட்டி சட்டைக்கும் கோட்டுக்கும் பொருந்துகிற அழகு. புகழ்ச்சி முழுக்க அழகுக்குத்தான், அது நியாயம்தான். ஆனால் 30 மீட்டர், கூடவே தோல் ஸ்ட்ராப். கல்யாணத்துக்கும் ஏசி ரூமுக்கும் சரி; வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் தீபாவளிக் கூட்டத்துக்குள் கட்டிக்கொண்டு போகிற வாட்ச் இல்லை. ஒரு சின்ன விஷயம், நிறைய பேர் வாங்கிய பிறகுதான் கவனிக்கிறார்கள்: பழைய 40.5 மி.மீ. மாடல்களில் ஸ்ட்ராப் அகலம் 21 மி.மீ. பாரிமுனையில் ஸ்ட்ராப் வாங்கப் போனால் 20, 22 கொட்டிக் கிடக்கும், 21 கேட்டால் கடைக்காரர் தலையைச் சொறிவார். 38 மி.மீ. மாடலில் 20 என்பதால் அந்தத் தொல்லை இல்லை.

சிட்டிசன் சுயோசா. 40 மி.மீ., சஃபையர், 50 மீட்டர், கூட்டோடு ஒன்றாகச் சேர்ந்து இறங்கும் செயின். டயல் நிறத்தில் மயங்கி வாங்கியவர்கள்தான் அதிகம். மெஷின் நான் மேலே சொன்ன மியோட்டா குடும்பத்து 8210, கடகட சத்தம் இலவசம். செயின் அமைப்பு தனி என்பதால் சாதாரண ஸ்ட்ராப் அப்படியே உட்காராது. வெயில் காலத்தில் ரப்பர் ஸ்ட்ராப் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் இதை யோசித்துத்தான் வாங்க வேண்டும்.

ஓசூர் டைட்டனிலும் ஆட்டோமேட்டிக் இருக்கிறது. சர்வீஸ் சென்டர் பக்கத்திலேயே இருக்க வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம் என்கிறவர்களுக்கு அது போதும்.

வீட்டில் தாத்தா வைத்திருந்த எச்.எம்.டி.யின் 'கஞ்சன்' மாடல் மேல் உள்ள ஆசையில் பழைய வாட்ச் தேடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எச்.எம்.டி. வாட்ச் பிரிவை மூட மத்திய அரசு 2016-ல் முடிவெடுத்த பிறகு பழசுக்கு மவுசு கூடிவிட்டது, கூடவே போலியும். இரண்டாயிரம், மூவாயிரத்துக்குக் கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு, பச்சை டயலோடு "ஒரிஜினல் விண்டேஜ்" என்று வருகிற சீக்கோ 5, எச்.எம்.டி. பெரும்பாலும் டயலுக்குப் புதுப் பெயின்ட் அடித்து, நாலு வாட்சின் பாகங்களைச் சேர்த்தது. எழுத்தின் ஓரம் பிசிறடித்திருக்கும், முள்ளில் ஒளிரும் பூச்சு இருக்கும், டயலில் இருக்காது. முதல் வாட்சாக இதில் இறங்கவே இறங்காதீர்கள்.

கடையில் நிற்கும்போது

சாவியை முழுக்க இழுங்கள், நொடி முள் 12-ல் நிற்கும்படி பார்த்து. இப்போது நிமிட முள்ளை ஒரு குறியின் மேல் வைத்தால் நேராக உட்காருகிறதா, வளையக் கோடு, பெசல் (கண்ணாடியைச் சுற்றியுள்ள வெளி வளையம்) முக்கோணம், 12 மணிக் குறி மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா என்று கண்ணுக்கு நேராக வைத்துப் பாருங்கள், சாய்த்துப் பார்த்தால் எல்லாமே கோணலாகத்தான் தெரியும். தேதி மாறுகிறதா என்று முள்ளைச் சுற்றி ஒரு தடவை பாருங்கள். செயின் அளவு குறைத்துக் கொடுத்தால் கழற்றிய கண்ணிகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பெரும்பாலோர் மறந்துவிடுவார்கள். வாரண்டி கார்டில் கடை சீலும் தேதியும் விழுந்த பிறகு பில்லை போனில் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள்.

முதல் இரண்டு வாரம்

நின்றுபோன வாட்சைக் கையில் கட்டி ஆட்டிக்கொண்டிருக்க வேண்டாம். சாவி கொடுக்கிற வசதி இருந்தால் இருபது முப்பது சுற்று மெதுவாகக் கொடுத்துவிட்டுக் கட்டுங்கள். தேதியை மாற்றும்போது மட்டும் கவனம்: வாட்சில் இரவு ஒன்பதிலிருந்து அதிகாலை நான்கு மணி வரை தேதிச் சக்கரம் உள்ளே பிடிபட்டிருக்கும், அப்போது சாவியைத் திருகித் தேதி மாற்றினால் பல் உடையலாம். முள்ளைக் காலை ஆறு மணிக்குக் கொண்டுவந்துவிட்டுத் தேதியை மாற்றுங்கள்.

நேரக் கணக்கு எடுப்பது சுலபம். காலையில் போன் நேரத்தோடு வைத்துப் பார்த்து, எத்தனை நொடி முந்துகிறது என்று எழுதுங்கள். திங்கள் 4, செவ்வாய் 15, புதன் 27 என்று வந்தால் நாளுக்கு பதினொன்று, பன்னிரண்டு நொடி வேகம். மேலே சொன்ன கம்பெனி அளவோடு ஒத்துப்பாருங்கள். ராத்திரி கழற்றி வைக்கும் விதத்தால்கூட இது மாறும். டயல் மேலே பார்க்கப் படுக்க வைப்பது, சாவி மேலே இருக்கும்படி நிறுத்தி வைப்பது என்று நாலு நாள் மாற்றிப் பாருங்கள், ஏதாவது ஒரு நிலையில் பகலில் முந்தியதை ராத்திரி ஈடு செய்துவிடும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த வாட்ச் திடீரென்று நாளுக்கு சில நிமிஷம் முந்த ஆரம்பித்தால் காந்தம் ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். ஸ்பீக்கர், காந்தம் வைத்த போன் கவர், டேப்லெட் மூடி பக்கத்தில் வைத்திருப்பீர்கள். ரிப்பேர் கடையில் காந்தம் எடுக்கிற பெட்டியில் ஒரு நிமிஷ வேலை. இதற்குப் போய் மெஷினைத் திறந்து சர்வீஸ் செய்யணும் என்று யாராவது சொன்னால் அடுத்த கடைக்குப் போங்கள்.

கேரம் போர்டுக்கு வாட்சோடு உட்காரலாம், பாக்ஸிங் கிளப்புக்கு வேண்டாம், சுத்தியல், டிரில் பிடிக்கும்போதும் வேண்டாம். கடல் தண்ணி பட்டால் அன்றைக்கே நல்ல தண்ணியில் அலசித் துடையுங்கள், 100 மீட்டர் வாட்சாக இருந்து சாவி உள்ளே அழுத்தி இருந்தால் மட்டும். வெந்நீர்க் குளியலில் எந்த வாட்சும் வேண்டாம், உள்ளே தண்ணி போகாமல் தடுக்கும் ரப்பர் வளையம் சீக்கிரம் கெடும். வாரம் ஒரு தடவை செயின் இடுக்கை பழைய டூத் பிரஷால் தேய்த்தால் அந்தக் கறுப்பு அழுக்கு வரும், வரட்டும்.

சர்வீஸ் பற்றி

நான்கைந்து வருஷத்துக்கு ஒரு தடவை ஆயில் மாற்ற வேண்டும் என்பது பொது வழக்கம், ஆனால் பட்ஜெட் வாட்ச்காரர்கள் பலர் ஒழுங்காக ஓடும்வரை தொடுவதில்லை. 4ஆர்36, என்எச்35 மாதிரி மெஷின்களில் முழு சர்வீஸ் கூலியும் புது மெஷின் விலையும் ஏறக்குறைய பக்கத்தில் வந்துவிடுவதால், பிரித்து ஆயில் போடாமல் மெஷினையே மாற்றிவிடுகிற ரிப்பேர்காரர்கள் உண்டு. அது ஏமாற்று இல்லை, செய்யும் முன் உங்களிடம் சொல்கிறாரா என்பதுதான் விஷயம். எது செய்தாலும் பின்மூடி ஒரு தடவை திறந்தால் ரப்பர் வளையத்தைப் பார்த்து, தேவையென்றால் மாற்றி, தண்ணி டெஸ்ட் செய்து தரச் சொல்லுங்கள். அந்த டெஸ்ட் மிஷின் கடையில் இல்லை என்றால், டயலில் 200 மீட்டர் என்றே எழுதியிருந்தாலும், அன்றையிலிருந்து அது மழைக்குக் கழற்றிப் பையில் போட வேண்டிய வாட்ச்.